மந்தமான வயிற்றுக்கு ஒரு சீனக் கஷாயம்

விருந்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டாயிற்று. மறுநாள் வயிறு கனக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது, சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. சீன வைத்தியம் இதை உணவுத் தேக்கம் என்கிறது. அதற்கான கஷாயம்தான் இது. நாள்பட்ட பசியின்மைக்கும் உடல் மெலிவுக்கும் இது சரிவராது, டாக்டரைப் பாருங்கள்.

தேவையானவை (2 கப்புக்கு)

ஷான்ஜா 10 கிராம். சிவப்புத் தோலுள்ள புளிப்புப் பழம், வட்டத் துண்டுகளாக உலர்த்தி விற்பார்கள். இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்கள் செரிக்க இதைத்தான் சொல்வார்கள்.

மாய்யா 10 கிராம். அரை சென்டிமீட்டர் முளைவிட்டதும் உலர்த்திய பார்லி. சோறு, நூடுல்ஸ் மாதிரி மாவுப் பண்டங்களுக்கு.

சென்பீ 3 கிராம். பழைய ஆரஞ்சுத் தோல். குவாங்டாங் மாகாணத்து ஷின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் மவுசு. அங்கே குறைந்தது 3 வருஷமாவது வைத்துப் பழசாக்குவார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் சீன மருந்துக் கடைகளில் மூன்றும் கிடைக்கும்.

செய்முறை

1. மாய்யாவை வெறும் சட்டியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து எடுங்கள்.

2. அதே சட்டியில் ஷான்ஜா. ஓரம் பழுப்பாகி, புளிப்பு வாசனை அடங்கி, கருகிய சர்க்கரை வாசனை வரும்போது இறக்குங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்: பச்சையாகப் போட்டால் புளிப்பு தூக்கலாக இருக்கும், வயிற்றையும் அரிக்கும். அதற்காகக் கரியாக்கிவிடவும் வேண்டாம்.

3. மூன்றையும் மண்சட்டியில் 600 மில்லி தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். இரும்புச் சட்டி கூடாது, புளிப்பு இரும்போடு சேரும்.

4. கொதித்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். வடிகட்டுங்கள்.

சாப்பிட்டு அரைமணி கழித்து, வெதுவெதுப்பாக ஒரு கப். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். புளிப்பு தாங்காவிட்டால் சின்னக் கற்கண்டு ஒன்று போடலாம். ஓரிரு நாள் போதும்.

காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு 'பாவ்ஹ வான்' உருண்டை இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டு வைத்தியர் ஜூ டான்ஷியின் பெயரில் வழங்கும் மருந்து. அதிலும் ஷான்ஜாதான் தலைமை.

யார் குடிக்கக் கூடாது

மாய்யா தாய்ப்பாலை வற்றச் செய்யும் என்று சீனாவில் பால் நிறுத்தவே கொடுப்பார்கள். பாலூட்டுகிறவர்கள் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். இதய நோய்க்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஷான்ஜா குடிக்கக் கூடாது.