குதிரைக்கு தேங்காய் புண்ணாக்கு போடுறது எப்படி? உடம்பு ஏறவும் முடி மினுங்கவும்

குதிரை விலா எலும்பு எண்ணுற மாதிரி நிக்குது, முடி செம்பட்டையா வறண்டு கிடக்குது, என்ன போட்டா தேறும்னு கேட்டீங்கன்னா யாராவது ஒருத்தர் கண்டிப்பா "தேங்காய் புண்ணாக்கு போட்டுப் பாருங்க"ன்னு சொல்லுவாங்க. தப்பான யோசனை இல்ல, நானும் போடுறவன்தான். ஆனா மூட்டையைப் பிரிச்சு அப்படியே தொட்டியில கொட்டிட்டு ஒரே மாசத்துல கண்ணாடி மாதிரி மினுங்கும்னு காத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் நடக்காது, சமயத்துல வயித்துவலி வந்து ராத்திரி பூரா குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வேண்டி வரும்.

முதல்ல புண்ணாக்கை ஓரமா வைங்க. குதிரை ஏன் இளைச்சிருக்குன்னு பாருங்க. பல்லு கூர்மையா வளர்ந்து கன்னத்தைக் குத்துச்சுன்னா அது புல்லை மெல்லாது, பாதி மென்னு உருண்டையா துப்பிடும், நீங்க தங்கத்தையே போட்டாலும் உடம்புல ஒட்டாது. அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல்லைக் காட்டுங்க. அடுத்தது குடற்புழு. சும்மா மருந்து ஊத்திட்டே இருக்காம லத்தியில முட்டை எத்தனை இருக்குன்னு டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் கொடுங்க. மூணாவது, நிறைய பேர் கோட்டை விடுற இடம், காய்ஞ்ச புல்லு. 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில 2 சதவீதம், அதாவது 10 கிலோ கிட்ட புல்லு போகணும், எந்தக் காரணத்துக்காகவும் 1.5 சதவீதத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. இந்த மூணும் சரியா இருந்தும் உடம்பு ஏறலைன்னாதான் புண்ணாக்குக்கு வேலை.

சரி, இதுல அப்படி என்னதான் இருக்கு? கொப்பரையில எண்ணெய் எடுத்தது போக மிஞ்சுற சக்கைதான் இது. ஸ்டார்ச் ரொம்ப ரொம்ப கம்மி, சர்க்கரை 10 சதவீதம் கிட்ட, மிச்சம் பெருசா நார்ச்சத்துதான், அதுவும் பெருங்குடல்ல நல்லா நொதிக்கிற நார். ஓட்ஸ்ல 40 சதவீதத்துக்கு மேல ஸ்டார்ச், மக்காச்சோளத்துல அதுக்கும் மேல, அதை ஒரே வேளையில அள்ளிப் போட்டா சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்கு வழிஞ்சு அங்க அமிலமா மாறி வயித்துவலி, குளம்பு வீக்கம் எல்லாம் கிளப்பும். புண்ணாக்குல அந்தப் பயம் குறைவு, அதுலயும் தானியம் தின்னா தலைகால் புரியாம துள்ளுற குதிரைங்களுக்கு இது நல்லா ஒத்து வருது. ஒரு கிலோவுல 3 மெகா கலோரிக்கு மேல சத்து இருக்கு, வேலை இல்லாம சும்மா நிக்கிற 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே 16, 17 மெகா கலோரிதான், அப்ப கணக்குப் போட்டுக்கோங்க.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. செக்குலயோ எக்ஸ்பெல்லர்லயோ பிழிஞ்சதுன்னா எண்ணெய் 8, 10 சதவீதம் வரை தங்கியிருக்கும், கரைப்பான் ஊத்தி எடுத்ததுன்னா 1லிருந்து 3 சதவீதம்தான். நமக்கு வேண்டியது முதல் வகை. ரெண்டாவது நிறம். இளம் பழுப்பா வறுத்த தேங்காய் வாசனையோட இருக்கணும். கருகின மாதிரி கரும்பழுப்பா இருந்தா அதிகமா சூடு பட்டிருக்குன்னு அர்த்தம், அதுல புரதம் கெட்டுப் போயிருக்கும், உடம்புல சேராது.

இன்னொண்ணு, இதை கொஞ்சம் கத்தியே சொல்றேன்: வெறும் புண்ணாக்கு வாங்குங்க, மாட்டுக்குன்னு கலந்து வச்ச தீவனத்தை வாங்காதீங்க. "அதுலயும் தேங்காய் புண்ணாக்குதான் இருக்கு"ன்னு சொல்லி தலையில கட்டுவாங்க. மாட்டுத் தீவனத்துலயும் கோழித் தீவனத்துலயும் மோனென்சின் மாதிரி மருந்து கலந்திருக்கலாம், மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, குதிரைக்கு கொஞ்சமே போதும், இதயத் தசையைக் கெடுத்து ஆளையே காலி பண்ணிடும்.

பூஞ்சை விஷயத்துலயும் தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க. சரியா காயாத கொப்பரையில பூஞ்சை பிடிச்சு அஃப்லாடாக்ஸின்னு ஒரு விஷம் வரும், ஈரலை அரிச்சிடும், கொதிக்க வச்சாலும் போகாது, கழுவினாலும் போகாது. கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம், அதனால முடிஞ்சா டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிற சரக்கா வாங்குங்க. ஒரு தடவை விலை சல்லிசா இருக்குன்னு ஆசைப்பட்டு நாலு மூட்டை சேர்த்து வாங்கி தரையிலயே அடுக்கிட்டேன், மழைக்கு அடி மூட்டை ஈரம் வாங்கி கட்டி கட்டியா பச்சை பூத்துருச்சு, மேல் மூட்டையில காறல் நாத்தம். நாலையும் தூக்கி எறிஞ்சேன், லாபம்னு நினைச்சது அதோட போச்சு. இப்ப ஒரு மாசத்துக்கு வேண்டியதுதான் வாங்குறது, பலகை மேல, சுவர்ல ஒட்டாம, மூடி போட்ட டிரம்ல. தினமும் கையில அள்ளி ஒரு தடவை மோந்து பார்த்துட்டுதான் ஊற வைப்பேன்.

ஊற வைக்கிறது கட்டாயம், சோம்பேறித்தனம் வேணாம். காய்ஞ்ச புண்ணாக்கு தண்ணியைக் குடிச்சு நல்லா உப்பும், அது பக்கெட்டுல உப்பலாம், குதிரையோட தொண்டையில உப்பக் கூடாது. அவசரமா முழுங்கி அடைச்சுக்கிச்சுன்னா மூக்கு வழியா தீவனமும் நுரையும் வழியும், கழுத்தை நீட்டி நீட்டி இருமும், பார்க்கவே பதறும், அப்படி ஆச்சுன்னா தீவனம் தண்ணி ரெண்டையும் எடுத்துட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. ஒரு பங்கு புண்ணாக்குக்கு ரெண்டு பங்கு தண்ணி, தூளா இருந்தா 20 நிமிஷம், வெதுவெதுன்னு தண்ணி ஊத்தினா இன்னும் சீக்கிரம். வில்லையா கட்டியா வர்றதை உடைச்சுட்டு ஊற வைங்க, விரலால நசுக்கினா எந்த இடத்துலயும் கட்டி தட்டக் கூடாது, அதுதான் அளவு. வெயில் காலத்துல காலையில ஊற வச்சதை சாயங்காலம் போடாதீங்க, புளிச்சுடும்.

அளவு எவ்வளவுன்னா, முதல் நாள் 100, 150 கிராம், அவ்ளோதான். மக்கில அளக்காம தராசுல நிறுத்துப் போடுங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை 100 கிராம் ஏத்திக்கிட்டே போங்க, ரெண்டு மூணு வாரம் கழிச்சு 500 கிராமிலிருந்து 1 கிலோ வரை வரலாம், ரொம்ப இளைச்ச 500 கிலோ குதிரைக்கு 1.5 கிலோ வரை போகலாம் ஆனா ரெண்டு வேளையா பிரிச்சு. இந்த மெதுவுக்குக் காரணம் இருக்கு, குதிரைக்கு பித்தப்பையே கிடையாது, பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுக்கிட்டே இருக்கும், திடீர்னு கொழுப்பு வந்து இறங்கினா உடம்பு பழகிக்க நாளாகும். பெருங்குடல்ல இருக்கிற நுண்ணுயிருக்கும் அதே கதைதான். லத்தி இளகினாலோ பிசுபிசுன்னு எண்ணெய் மினுக்கோட வந்தாலோ பழைய அளவுக்கு இறங்கிடுங்க. சில குதிரை முதல் வாரம் மோந்துட்டுத் திரும்பிக்கும், பழகின தீவனத்துல ஒரு கைப்பிடி கலந்து ஆரம்பிச்சா தானா வழிக்கு வரும்.

இப்ப யாரும் சொல்லாத பாதி. புண்ணாக்குல புரதம் 20 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு மூட்டையில பெருசா போட்டிருப்பான், ஆனா அதுல லைசின் கம்மி, தசை வளர அவசியமான ஒரு அமினோ அமிலம் அது. வளர்ந்த 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் லைசின் வேணும், ஒரு கிலோ புண்ணாக்குல வர்றது 5, 6 கிராம்தான். முதுகுத் தசை வரணும்னா அதோட 150, 200 கிராம் சோயா புண்ணாக்கு சேருங்க, வேலையும் கொடுங்க, தசை தொட்டியில நின்னு தின்னா மட்டும் வராது. குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் தேங்காய் புண்ணாக்கை மட்டும் நம்பவே நம்பாதீங்க.

அதே மாதிரி கால்சியம். ஒரு கிலோவுல பாஸ்பரஸ் 6 கிராம் கிட்ட, கால்சியம் 1, 2 கிராம்தான். குதிரைக்கு இது தலைகீழா இருக்கணும், மொத்தத் தீவனத்துல கால்சியம் பாஸ்பரஸை விட ஒன்றரை மடங்காவது இருந்தா நல்லது, இல்லன்னா எலும்புல இருந்து உருவிக்கும். ஒரு கிலோ காய்ஞ்ச குதிரைமசால் (லூசர்ன் புல்லு) சேர்த்தாலே இந்தக் கணக்கு சரியாகிடும், லைசினும் கொஞ்சம் சேர்ந்து வரும். அது கிடைக்கலைன்னா தீவனத்துக்குன்னு விக்கிற கால்சியம் கார்பனேட் பவுடர் 20 கிராம், ஒரு கிலோ புண்ணாக்குக்கு. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு இல்லைங்க, அது வாயையும் குடலையும் வெந்துட வைக்கும். உப்பு ஒரு நாளைக்கு 25, 30 கிராம், வேர்த்து ஒழுகுற நாள்ல இன்னும் கூட. இளநீர் ஊத்தினா போதும்னு சிலர் சொல்லுவாங்க, இளநீர்ல நிறைய இருக்கிறது பொட்டாசியம், குதிரை வேர்வையில நிறைய போறது சோடியமும் குளோரைடும், அதனால உப்புதான்.

முடிக்கு வருவோம். மினுக்கு வர்றது நிஜம், ஆனா அது தேங்காயோட மந்திரம் இல்ல, கொழுப்பு எதுவா இருந்தாலும் கொஞ்சம் மினுக்கு வரும். தேங்காய் எண்ணெய்ல பாதி கிட்ட லாரிக் அமிலம், சக்திக்கு நல்லது. ஆனா தோலுக்கு அவசியமான ஒமேகா 3 கிட்டத்தட்ட சுத்தமா இல்ல, ஒமேகா 6 கூட பேருக்குத்தான். அதனால நான் புண்ணாக்கோட அரைச்ச ஆளிவிதை 100 கிராம் கலக்குறேன், எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் கண்ணுல பட்டது அதுக்கு அப்புறம்தான். கருப்புக் குதிரை வெயில்ல வெளுத்து செம்பட்டையாகுதுன்னா தாமிரம், துத்தநாகம் கம்மியான்னும் பாருங்க, நல்ல மினரல் மிக்ஸ்ல ரெண்டும் இருக்கும். எல்லாம் சரியா போச்சுன்னாலும் ஆறு, எட்டு வாரம் பொறுக்கணும், பழைய முடி உதிர்ந்து புது முடி வரும்போதுதான் நிஜமான மாற்றம் தெரியும். தினமும் பிரஷ் போடுறதையும் விட்டுடாதீங்க. வயசான குதிரைக்கு முடி நீளமா சுருண்டு உதிராமலே இருந்தா அது தீவனக் குறை இல்ல, குஷிங்ஸ்னு ஒரு ஹார்மோன் நோயா இருக்கலாம், ரத்த டெஸ்ட் எடுங்க.

தனியா தேங்காய் எண்ணெய் ஊத்தலாமான்னா ஊத்தலாம், 20 மில்லியில ஆரம்பிச்சு மெதுவா 100 மில்லி வரை, அதுக்கு மேல போகணும்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு. எண்ணெய் ஏத்துனா வைட்டமின் ஈயும் ஏத்தணும், ஒரு மில்லி எண்ணெய்க்கு ஒரு யூனிட்டுன்னு (IU) வச்சுக்கோங்க. குளிர்ல உறைஞ்சு கட்டியா நிக்கும், உருக்கிட்டு கலக்குங்க. தேங்காய்ப் பத்தையை துண்டா நறுக்கிப் போடுறது மட்டும் வேணாம், தொண்டை அடைப்புக்கு அதுவே போதும்.

ஏற்கனவே கொழுத்த குதிரை, கழுத்து மேல கொழுப்பு மேடு கட்டின மட்டக்குதிரை, இதுங்களுக்கு இந்தப் பக்கமே வராதீங்க. குளம்பு வீக்கம் வந்து போனது, இன்சுலின் பிரச்சினை இருக்கிறது, இளைச்சே இருந்தாலும், டாக்டர்கிட்ட பேசிட்டு மூட்டையில சர்க்கரை எவ்வளவுன்னு பார்த்துட்டுதான்.

உடம்பு ஏறுதான்னு கண்ணால மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. டேப் எடுத்து நெஞ்சு சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டர்ல அளங்க. சுற்றளவை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 11,880ஆல வகுத்தா ஏறத்தாழ கிலோ வரும். சுற்றளவு 175, நீளம் 150ன்னா 387 கிலோ. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரத்துல. கூடவே கையை வச்சு விலா, முதுகு, வால் அடி, தோள் பின்னாடி எல்லாம் தடவிப் பாருங்க, 1983ல ஹென்னகின்னு ஒரு ஆராய்ச்சியாளர் கொண்டு வந்த, 1லிருந்து 9 வரை இருக்கிற உடல்வாகு ஸ்கோர்ல 5 வந்தா போதும்: விலா கண்ணுக்குத் தெரியாது, கை வச்சா சுலபமா தட்டுப்படும். வயிறு மட்டும் தொங்கி முதுகு குழிஞ்சே இருந்தா அது உடம்பு ஏறினது இல்ல. ஒரு ஸ்கோர் ஏறவே ரெண்டு மூணு மாசம் ஆகலாம். 5 தாண்டி 6 பக்கம் போச்சுன்னா ஏத்துன மாதிரியே இறக்குங்க, மூணு நாளைக்கு 100 கிராம்னு, ஆனா குதிரைமசாலையும் உப்பையும் ஆளிவிதையையும் அப்படியே விட்டுடுங்க.