மலைநாட்டுத் தவளைக்குப் பெயர் வைப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

"தேயிலை ஓரத்துப் புதரில் புதுத் தவளை ஒன்று பார்த்தேன், பெயர் வைக்க என்ன வழி?" என்று இலங்கை மலைநாட்டின் ஹட்டன், மஸ்கெலியா, அக்கரபத்தனைப் பக்கத்துப் பிள்ளைகள் படத்தோடு கேட்கிறார்கள். ஓர் ஆய்வுக் குழுவோடு திரிந்ததில் எனக்குப் பிடிபட்ட ஒழுங்கை இங்கே எழுதிவைக்கிறேன். தவளையை வைத்துச் சொன்னாலும் ஓணான், பல்லி, நண்டு எல்லாவற்றுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். அட்டைக்கு என்ன பூசுவது, இரவில் எப்படி நடப்பது என்பதெல்லாம் மலையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1. முதலில் அனுமதி

பார்ப்பதும் படமெடுப்பதும் வேறு, பிடித்து எடுத்துவருவது வேறு. பிடிப்பதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நக்கிள்ஸ் போன்ற காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் எடுக்க வேண்டும். தனி ஆளாக விண்ணப்பித்து அலைய வேண்டாம், ஒரு பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு சேர்ந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை நல்ல ஆய்விதழ் எதுவும் ஏற்காது.

2. உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பதியுங்கள்

ஸ்பிரிட்டில் போட்டதும் நிறம் போய்விடும். பச்சை நீலமாகும், பிறகு சாம்பலாகும். அதனால் முதுகு, பக்கம், வயிறு, தொடையின் உட்புறம், விரல் இடைச்சவ்வு எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். பின்னணி மங்கலாகத் தெரியும் அழகுப் படம் இங்கே உதவாது, தட்டையான வெளிச்சத்தில் எடுத்த சலிப்பான படம்தான் வேண்டும்.

ஆண் தவளை கத்தினால் ஒலியைப் பதிவுசெய்து அந்த நேரத்து வெப்பநிலையையும் எழுதுங்கள். குளிரில் கத்தும் வேகம் குறையும். நுவரெலியாவில் பதிந்ததையும் கினிகத்தேனையில் பதிந்ததையும் வெப்பநிலை தெரியாமல் ஒப்பிட முடியாது.

3. திசு முதலில், ஃபோமலின் பிறகு

வரிசை மாறக் கூடாத இடம் இது. ஃபோமலின் டிஎன்ஏயைக் கெடுக்கும். தொடைத் தசையிலோ ஈரலிலோ சிறு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனோலில் போட்ட பிறகுதான் உடலை ஃபோமலினில் பதப்படுத்த வேண்டும். அப்புறம் கழுவி 70 சதவீத எத்தனோலுக்கு மாற்றலாம். சீட்டை பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனோலில் கரைந்து ஓடிவிடும், கடைசியில் எந்தத் தவளை எந்த மலையில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

4. அளவெடுப்பு

மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை உடல் நீளம், கண் விட்டம், செவிப்பறை, தொடை, கணைக்கால் எலும்பு, விரல் நுனித் தட்டு. டிஜிட்டல் இடுக்கிமானி நம் மலைப் பனியில் ஈரம் பிடித்து எண்களைத் தாறுமாறாகக் காட்டும். நான் முள் வைத்த பழைய வகையைத்தான் பாவிக்கிறேன். ஒருவரே எல்லா மாதிரிகளையும் அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கை அழுத்தம் வேறு, 20 மில்லிமீட்டர் தவளையில் அது பெரிய வித்தியாசம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் மலையின் புதர்த் தவளைகளுக்கு, அதாவது சூடோபிலோட்டஸ் இனங்களுக்கு, வாற்பேய்ப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளிவரும். அதனால் காட்டில் எங்கு பார்த்தாலும் சின்னதுகள் இருக்கும், அவற்றின் நிறம் வளர்ந்தவற்றைப் போல இருக்காது. வளர்ந்தவற்றிலும் ஒரே இனத்துக்குள் முதுகில் கோடு உள்ளது, புள்ளி உள்ளது, ஒன்றுமே இல்லாதது என்று பல உண்டு. எனக்கு வரும் 'புது இனப்' படங்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுதான்.

5. பழைய பெயர்களைத் தேடுவது

எல்லோரும் அவசரமாகத் தாண்டப் பார்ப்பது இதை. என்னை அதிகம் இழுத்தடித்ததும் இதுதான். உங்கள் தவளை இன்றைய கள வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லை என்பதால் அது புதிது ஆகிவிடாது. லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து விலங்குப் பெயர்கள் கணக்கில் வருகின்றன. முறைப்படி வெளியான எந்தப் பெயரும் சாவதில்லை. தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பேர்ப் பதிவேட்டில்) பெயரை வெட்டினாலும் பழைய பக்கம் அப்படியே இருப்பதுபோல, "இது அந்த இனமேதான்" என்று ஒருவர் ஒதுக்கிவைத்த பெயரும் அங்கேயே இருக்கும். உங்கள் தவளை அதோடு பொருந்தினால் அந்தப் பழைய பெயர்தான் எழுந்து வரும், உங்களுடையது வராது.

செய்ய வேண்டியது இது. தவளை என்றால் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையின் இணையத் தொகுப்பான ஆம்பிபியன் ஸ்பீசீஸ் ஆஃப் த வேர்ல்டைத் திறந்து, உங்கள் தவளையின் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) உள்ள ஒவ்வொரு இனப் பெயருக்கும் கீழே இருக்கும் பழைய பெயர்களைத் தாளில் எழுதுங்கள். ஊர்வன என்றால் ரெப்டைல் டேட்டாபேஸ். நம் புதர்த் தவளைகள் 2009 வரை பிலோட்டஸ் என்ற பேரினத்தில் இருந்தன, ஆகவே இரண்டு பெயரிலும் தேட வேண்டும். 2005இல் ஒரே கட்டுரையில் 27 புது இனங்கள் வெளிவந்த கூட்டம் இது. பிறகு மூலக் கட்டுரைகளைப் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள், இலவசம். அங்கே நுவரெலியா இன்றைய எழுத்துக்கூட்டலில் இருக்காது, 'நெவேரா எலியா' என்ற மாதிரி இருக்கும்.

பழைய விவரிப்பு பல நேரம் நாலைந்து வரிதான். இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1853இல் ஸ்டெல்லாட்டஸ் என்று ஒரு தவளைக்குப் பெயர் வைத்தார். அதன்பின் யாரும் காணவில்லை, அழிந்துவிட்டது என்று பட்டியலிலும் ஏறியது. 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது மறுபடி கிடைத்து, 2013இல் செய்தி வெளியானது. கெலார்ட்டைப் படிக்காமல் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் புது இனம் என்றே எழுதியிருப்பார்.

எதிர்த் திசையிலும் நடக்கும். ரம்பொடையில் 19ஆம் நூற்றாண்டில் பிடித்து லண்டன் நூதனசாலைக்குப் போன ஒரு தவளைக்கு 2007இல்தான் மாயா என்று பெயர் கிடைத்தது. அதற்குள் இனமே அழிந்துபோயிருந்தது. ஆகவே கொழும்பு தேசிய நூதனசாலையின் போத்தல்களையும் கேட்டுப் பாருங்கள்.

விவரிப்பு போதவில்லை என்றால் மூல மாதிரியான ஹோலோடைப்பின் படத்தை அது இருக்கும் நூதனசாலையிடம் கேளுங்கள். மரியாதையாக, எந்த உறுப்பு எந்தக் கோணத்தில் வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் அனுப்புவார்கள்.

6. டிஎன்ஏ

தவளைக்கு 16எஸ் மரபணுத் துண்டு வழக்கம். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தொகுப்பில் உள்ளதோடு ஒப்பிட்டு ஏறக்குறைய 3 சதவீத வித்தியாசம் வந்தால் ஆழமாகப் பார்க்கலாம். அது கதவைத் தட்டும் எண்தான், தீர்ப்பு அல்ல. உருவம், ஒலி, மரபணு மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நான் நம்புவேன்.

7. பெயரும் வெளியீடும்

பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், சொல் எந்த மொழியாகவும் இருக்கலாம். ஆண் பெயருக்கு 'ஐ' (i), பெண்ணுக்கு 'ஏஇ' (ae), ஊருக்கு 'என்சிஸ்' (ensis) என்று முடிப்பது வழக்கம். கட்டுரையில் "புதிய இனம்" என்று வெளிப்படையாகச் சொல்லி, ஹோலோடைப் எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்னிதழ் என்றால் முன்கூட்டியே ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம்.

எழுதி முடித்துவிட்டுத் தூங்க வேண்டாம். நக்கிள்ஸ் மலையின் கோஃபோட்டிஸ் ஓணானுக்கு 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே பெயர் வைத்தன. இரண்டும் தும்பறை என்ற இடப் பெயரிலிருந்தே எடுத்தவை. முந்திய பெயருக்கே உரிமை என்பது சர்வதேச விலங்குப் பெயரிடல் விதி, இன்று வழங்குவது தும்பாரா என்ற பெயர்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் சில.

முகநூலில் பெயரைப் போட்டால் அது வெளியீடு ஆகாது. வேறொருவர் அந்தப் பெயரை முறைப்படி வெளியிட்டால் நீங்கள் வாதாட முடியாது.

படத்தை மட்டும் வைத்துப் பெயரிட விதி முற்றாகத் தடை சொல்லவில்லை. ஆனால் ஏன் மாதிரி எடுக்க முடியவில்லை என்று வலுவான காரணம் காட்ட வேண்டும். தொடங்குபவர் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

தன் பெயரையே வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வைக்கலாம், ஆனால் துறையில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

இடத்தைத் துல்லியமாக எழுதுவது பற்றி: நம் கொம்போணான்களையும் கோஃபோட்டிஸையும் வளர்ப்புச் சந்தைக்குக் கடத்துகிறார்கள், 2019இல் அவை சைட்டஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் ஏறியதும் அதனால்தான். கட்டுரையில் காட்டின் பெயரும் உயரமும் போதும். ஜிபிஎஸ் எண்ணை நூதனசாலைப் பதிவேட்டில் மட்டும் கொடுங்கள்.