குடும்பிமலைக்கு சுவெட்டர் வேண்டாம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரான் பக்கத்து வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால், குடும்பி முடிந்த தலை மாதிரி ஒரு பாறை காட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். தமிழில் குடும்பிமலை, சிங்களத்தில் தொப்பிகல, ஆங்கிலேயருக்கு பரோன்ஸ் கெப். நம்மவர் கண்ணுக்கு மயிர்முடிச்சு, மற்றவர்களுக்குத் தொப்பி. பெயரில் யாருக்கும் சேதமில்லை. மலையைப் பற்றிப் போடுகிற தப்புக் கணக்குகள்தான் ஆளை வதைக்கும்.

மலை என்றதும் குளிர் என்று நினைப்பது முதல் தப்பு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குடும்பிமலையின் உச்சி ஏறத்தாழ 530 மீற்றர்தான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். அந்தக் கணக்கில் உச்சியில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று பாகைச் சலுகை. அதையும் நிழலில்லாத மொட்டைப் பாறை திருப்பி வாங்கிவிடும். மதியத்தில் அந்தப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் தோற்றுப்போகும்.

இதைவிடப் பெரிய தப்பு, மாதம் பார்ப்பதில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்க்கிறது. ஈரத்தை இழந்த அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறிக்கொண்டே வரும். இங்கே வந்து சேரும்போது அது கச்சான். (வெளியூர்க்காரருக்குக் கச்சான் என்றால் கொறிக்கிற கடலை மட்டும்தான். நமக்கு உதட்டை வெடிக்கவைக்கிற காற்றும்கூட.) மேற்குச் சரிவிலுள்ள ஹற்றனில் குடை பிடிக்கிற நாளில் இங்கே பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது புதினமில்லை. பள்ளி விடுமுறை என்று ஓகஸ்ட்டில் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள்.

சரி, மாரியில் போகலாமா? அதுவும் சரிவராது. நம் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் பெய்து முடிகிறது. பாறையில் விழுகிற மழை ஊறாது, வழிந்து அப்படியே அடிவாரத்துக்கு ஓடிவரும். ஆறும் பெருகினால் கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும், சனம் தோணியில்தான் போய்வரும். என்னைக் கேட்டால் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், பிற்பகலில் இடி முழங்கும். மொட்டைப் பாறையில் மின்னலுக்கு எட்டுகிற உயரமான பொருள் நீங்கள்தான்.

இதை எரிமலை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை. கருங்கல் என்று பேச்சுக்குச் சொல்லலாம், ஆனால் இங்கே பெரும்பாலும் இருப்பது நிலத்துக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் பாறை. வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடியிருப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சுற்றியிருந்தவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுப் போக, வெடிப்புக் குறைந்த கெட்டிப் பகுதி மட்டும் எஞ்சி நிற்கிறது.

கெட்டி என்பதற்காக அசையாது என்று நம்பிவிடக் கூடாது. மேலே பாரம் குறைந்ததாலும், வெயிலில் காய்ந்து மழையில் குளிர்வதாலும், பாறை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும். தடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அந்தத் தகடு அடியில் விட்டுப்போயிருக்கிறது, அதில் பாரம் போடாதீர்கள். பாறையில் மேலிருந்து கீழாக ஓடுகிற கறுப்புக் கோடுகள் மழைநீர் இறங்கும் வழிகள். அவற்றில் பாசி படிந்திருக்கும். காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, நாலு துளி விழுந்தால் சவர்க்காரம்தான். அங்கே மாடு மேய்க்கிற ஒரு பெரியவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, “மனே, கறுத்த கோட்டில மட்டும் மிதிச்சிராத” என்றார். நான் மிதித்தேன். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அப்புறம் தூரக் கணக்கு. சமவெளியில் தனியாக நிற்கிற மலை எப்போதும் கிட்டத்தான் தெரியும். “இந்தா இருக்கு” என்று பிந்திப் புறப்பட்டால் இறங்கும்போது இருட்டிவிடும். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பாதை யானைகளுக்குரியது. மூன்று மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்பிவிடுங்கள், உச்சி பத்தடியில் இருந்தாலும்.