வண்டல் படுகையில் நில அதிர்வைக் கணக்கிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

மேலே உள்ள 30 மீட்டர் மண்ணில் குறுக்கலையின் (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு செல்லும் நில அதிர்வு அலையின்) வேகத்தை அளந்துவிட்டால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பாறைப் பள்ளத்தில் வண்டல் மண் தடிமனாக நிரம்பிய ஆழமான படுகையில் மிகப் பெரிய தவறு இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. மண் அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுத்தால், அந்த அடுக்கு இயல்பாக ஆடும் நேரம் வரும். 30 மீட்டர் தடிமன், நொடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் 0.4 நொடி. பாறை வரைக்கும் 1,000 மீட்டர் வண்டல், சராசரி வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்றால் 5 நொடி. முன்னது சில மாடிகளே உள்ள வீடுகளை ஆட்டும்; பின்னது வானுயர்ந்த கட்டடங்களையும் பெரிய எண்ணெய்த் தொட்டிகளையும் ஆட்டும். மேல்மண்ணோடு நின்றுவிட்டவர் கணக்கில் இந்த 5 நொடி வரவே வராது. 2003 செப்டம்பரில் ஜப்பானின் தொகாச்சி கடலோரம் நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் தொமகோமாயில் தொட்டிக்குள் எண்ணெய் தளும்பித் தீப்பிடித்தது இப்படித்தான்.

‘நடுக்கத்தின் மையம் தொலைவில்தானே’ என்ற நிம்மதியும் ஆபத்து. 1985 நடுக்கத்தில் மெக்சிகோ நகரம் மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. பழைய ஏரிப்படுகைக் களிமண் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆட, அதே தாளத்தில் ஆடிய நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் சரிந்தன.

அப்புறம், மண்ணை நேர்குத்தான ஒரு தூணாக மட்டும் பார்ப்பது. படுகைக்கு விளிம்பு உண்டு. அங்கே பிறக்கும் மேற்பரப்பு அலைகள் உள்ளே சிக்கி, ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போகும். 1995 கோபே நடுக்கத்தில் சேதம் ஒரு குறுகிய பட்டையாக விழுந்ததற்கு இந்த விளிம்பும் ஒரு காரணம். ஆகவே உச்ச முடுக்கம் (தரையின் வேகம் மாறும் அதிகபட்ச விகிதம்) ஒன்றை மட்டும் எழுதிவைக்காமல், ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையும் பாருங்கள்.

சின்ன நடுக்கத்தில் மண் ஆட்டத்தை மூன்று மடங்கு பெருக்கியது, பெரியதிலும் அப்படியே பெருக்கும் என்று நீட்டிவிடாதீர்கள். பலமான ஆட்டத்தில் மென்மண் இளகும். வேகமான அதிர்வுகள் அடங்கும், மெதுவானவை தூக்கலாகும்.

இன்னொன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன்: ஒரே பெருக்கத்தை இருமுறை சேர்ப்பது. நில ஆட்டத்தைக் கணிக்க நீங்கள் எடுத்த சமன்பாட்டில் சராசரிப் படுகை விளைவு ஏற்கெனவே இருக்கலாம். அதன்மேல் படுகையின் முழு வடிவத்தையும் வைத்துச் செய்த முப்பரிமாணக் கணக்கின் பெருக்கத்தையும் ஏற்றினால் விடை வீங்கிவிடும். சரி, பாறையின் ஆழமே தெரியவில்லையா? ஒரே எண்ணை ஊகித்து எழுதாமல், தரையின் நுண்ணதிர்வை (எப்போதும் இருக்கும் மிகச் சிறிய அதிர்வை) பல கருவிகளால் ஒரே சமயத்தில் பதிந்து, அதிலிருந்து ஆழத்தைக் கணித்துப் பாருங்கள். அதுவரை இரண்டு மூன்று ஆழங்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு, எல்லா விடைகளையும் அறிக்கையில் வையுங்கள்.