பெரிய சேவலைக் கறிக்கு அனுப்பாதீர்கள்: ஊர்க்கோழியில் வளர்ச்சிக்குத் தெரிவு செய்யும் முறை

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினால் வளவில் எந்தச் சேவலைப் பிடிப்போம்? எல்லாவற்றுக்கும் முந்தி வளர்ந்து நெஞ்சு அகன்று நிற்கிறதே, அதைத்தான். வியாபாரி வந்தாலும் கை அதன் மேல்தான் போகும். கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத நோஞ்சான் சேவல், அடுத்த வருடக் குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன். இதை இருபது முப்பது வருடம் செய்துவிட்டு ஊர்க்கோழி என்றாலே வளராது என்று சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

தெரிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில், 1957இல் இருந்த இறைச்சிக்கோழி வம்சத்தையும் 2005இல் இருந்ததையும் ஒரே தீன் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4202 கிராம். தீன் ஒன்றுதான், மாறியது வம்சம். நம் வளவில் அப்படி நடக்காது, நடக்கவும் வேண்டாம், அவ்வளவு பாரமான கோழி கீரியைக் கண்டால் ஓடவும் மாட்டாது. ஆனால் திசை அதுதான்.

முதல் வேலை, குஞ்சுகளை ஒப்பிடக்கூடிய மாதிரி பொரிக்க வைப்பது. நாம் வழக்கமாக எந்தப் பேடு அடைக்குப் படுக்கிறதோ அதற்கு முட்டை வைப்போம், அப்போது சித்திரைக் குஞ்சும் ஆனிக் குஞ்சும் ஒரே முற்றத்தில் மேயும், எது நல்லாக வளர்ந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. இரண்டு மூன்று பேடுகளை ஒரே கிழமையில் அடைக்கு வையுங்கள். ஒரு பேடு முந்தினால் பொரிக்காத கோது முட்டையை வைத்துப் படுக்கவிட்டு, மற்றதும் படுத்த பிறகு நல்ல முட்டையை மாற்றலாம். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு கிழமைக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, ஒரு பேட்டுக்குப் பத்து, பன்னிரண்டு போதும், 21ஆம் நாள் பொரிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வேண்டாம், ஈரத்தில் குஞ்சு நிற்காது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வயல் வெட்டி முடிந்த பிறகு வைத்தால் சிந்தின நெல்லும் புழுவும் வளர்ந்துவரும் குஞ்சுக்குக் கிடைக்கும்.

தீனும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் போக வேண்டும். குறுணலும் தவிடும் மட்டும் போட்டுவிட்டு வம்சத்தைக் குறை சொல்ல முடியாது. கறையான், கருவாட்டுத் தூள், தேங்காய்ப் பிண்ணாக்கு, ஏதாவது சத்தானதைச் சேருங்கள். முதல் சில கிழமைக்குக் கடைக் குஞ்சுத்தீன் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இராணிக்கெட் தடுப்பு மருந்தைப் போட்டு முடியுங்கள். அந்த நோய் வந்தால் தெரிவு செய்ய ஒன்றும் மிஞ்சாது.

இனி நிறுக்கிறது. இதில்தான் ஆட்கள் சோம்பல்படுவார்கள். கண்ணால் பார்த்து எடுத்தால் சண்டைக்கார சேவலும் இறகு அடர்ந்த சேவலும் பெரிதாகத் தெரியும், தராசு ஏமாறாது. தொங்கு தராசும் ஒரு துணிப்பையும் போதும். காலையில் தீன் போடுவதற்கு முன், எட்டாம் கிழமையில் ஒருதரம், பன்னிரண்டாம் கிழமையில் ஒருதரம். காலில் நிறம் நிறமாகப் பிளாஸ்டிக் வளையம் போட்டு, ஒரு கொப்பியில் எழுதுங்கள். வளையம் வளர்ந்துவரும் காலை இறுக்கும், அடிக்கடி பார்த்துத் தளர்த்த வேண்டும். எட்டுக் கிழமைக்கு முந்தித் தீர்மானிக்காதீர்கள், பெரிய முட்டையில் வந்த குஞ்சு தொடக்கத்தில் சும்மாவே பெரிதாக இருக்கும், அது முட்டையின் கெட்டித்தனம். சேவலைச் சேவலோடும் பேட்டைப் பேட்டோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஒரு கூட்டத்தில் சேவல்களின் சராசரி 500 கிராம், நீங்கள் எடுத்த சேவல்கள் 700 என்று வையுங்கள், 200 கூட. பேடுகளின் சராசரி 420, எடுத்தவை 500, 80 கூட. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் 140. இதில் குஞ்சுக்குப் போவது ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு, மீதி தீனும் அதிர்ஷ்டமும். அப்படியானால் ஒரு தலைமுறைக்கு 40 கிராம் அளவு. சிரிக்காதீர்கள், அதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள்.

நிறை மட்டும் பார்த்தும் கெடுக்கலாம். விரல் வளைந்தது, சொண்டு கோணலானது, நொண்டி நடப்பது, அடிக்கடி சீக்குப்படுவது, இவை எவ்வளவு பாரமாக இருந்தாலும் கறிக்குத்தான். தாயை யோசியுங்கள்: அடையை விட்டு ஓடுகிற, குஞ்சை மிதிக்கிற பேட்டின் மகளை வைத்துக்கொண்டு ஊர்க்கோழி வளர்க்க முடியாது. பொயிலர் சேவலைக் கலந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முதல் ஈட்டுக் குஞ்சு பெரிதாகத்தான் வரும், ஆனால் தீன் கேட்கும், மேயப் போகாது, அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி வரும். எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்தது, ஒரே இரத்தம் தங்களுக்குள்ளேயே சேருவது. ஒரே சேவலை வைத்திருந்தால் இரண்டாம் வருடமே தகப்பனும் மகளும் சேரும், பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும், நீங்கள் சேர்த்த 40 கிராமும் போய்விடும். தனியாளாக இதைச் சமாளிப்பது கஷ்டம், மூன்று வீடு சேர்ந்தால் சுலபம். நம் பக்கம் அக்கா தங்கச்சிமார் வீடுகள் பக்கத்துப் பக்கத்து வளவில்தானே இருக்கின்றன. கோழிகள் வேலி பாய்ந்து கலக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாம் வீட்டில் தெரிந்தெடுத்த இளஞ்சேவல்கள் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல்கள் மூன்றாம் வீட்டுக்கு, அங்கிருந்து முதலாம் வீட்டுக்கு. ஒவ்வொரு வருடமும் இதே சுற்று. பேடு பிறந்த வீட்டிலேயே இருக்கும், சேவல்தான் வீடு மாறும், நம் ஊர்க் கல்யாணம் மாதிரியே. வீட்டுக்கு இரண்டு சேவலாவது வைத்திருங்கள், ஒன்றை நாய் பிடித்தாலும் சுற்று நிற்காது.

சேவல் மாற்றும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பழைய சேவலின் விந்து பேட்டின் வயிற்றில் இரண்டு, மூன்று கிழமை வரை உயிரோடு இருக்கும். பழையதை அகற்றிய பிறகு மூன்று கிழமை முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், பொரித்து, அவித்து, சொதி வைத்துச் சாப்பிடுங்கள். அந்தப் பழைய சேவல் விருந்தாளிக்கு.