ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டைக் குறையுங்கள்

எரிவாயுவில் இயங்கும் கண்டென்சிங் பாய்லர் உங்கள் வீட்டில் இருந்தால், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அது அனுப்பும் நீரின் வெப்பநிலையை 70 அல்லது 80 டிகிரி செல்சியஸிலிருந்து 55 முதல் 60 டிகிரி வரை குறைத்து வையுங்கள். அறைத் தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டியதில்லை.

இவ்வகை பாய்லர், புகையோடு வெளியேறும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அதில் அடங்கியிருக்கும் மறைவெப்பத்தையும் மீட்டெடுக்கும்படி அமைக்கப்பட்டது. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும் என்பதால், 80 டிகிரியில் ஓட்டும்போது அந்தச் சிறப்புக்காகக் கொடுத்த பணம் பெரும்பாலும் புகையாகவே போகிறது. அறை சூடாகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்குமாதலால், டைமரை அரை மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் முன்போலக் கையைச் சுடவில்லையே என்று பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டாம்.

வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில் இதை அப்படியே செய்யக் கூடாது. லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கச் சேமித்த நீர் 60 டிகிரியிலாவது இருக்க வேண்டும்; தொட்டி நீரின் வெப்பநிலையைத் தனியாக அமைக்க முடியாத பாய்லரில் 65 டிகிரிக்குக் கீழே இறங்காதீர்கள். கண்டென்சிங் அல்லாத பழைய பாய்லருக்கும் இது பொருந்தாது. குளிர்ந்த நீர் திரும்பி வந்தால் அதன் உட்பகுதி அரிக்கப்படும். கடுங்குளிர் நாள்களில் அறை சூடேறவில்லையென்றால், ஐந்து ஐந்து டிகிரியாக உயர்த்திப் பாருங்கள்.