நடனப் பட்டம் வாங்கிய கையோடு செய்யக் கூடாதவை

நடனத்தில் பட்டம் முடித்து வெளியே வருகிறவர்கள் தங்கள் சுயவிவரத்தையும் வேலைக் கடிதத்தையும் எனக்கு அனுப்பி, ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். என்னிடம் படித்தவர்கள் பாதி, அவர்கள் சொல்லி அனுப்புகிறவர்கள் பாதி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் பண்ணிய கோணல்களே ஆள் மாறி ஆள் மாறி வந்து நிற்கின்றன. ஆடிஷனுக்குத் தாமதமாகப் போகாதீர்கள், பயிற்சியை விடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை இங்கே சொல்லப் போவதில்லை.

மேடையை மட்டும் வேலை என்று நினைப்பது

முழுநேரக் குழுவில் மாதச் சம்பளத்துக்கு ஆடும் இடங்கள் எந்த நாட்டிலும் குறைவு. இது தெரிந்தும், மற்ற வேலைகளை ‘கிடைக்காதவர்கள் போகிற இடம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒத்திகை இயக்குநர், மேடை நிர்வாகி, ஆவணக் காப்பாளர், நடனக் குறிப்பாளர் என்று இருப்பதெல்லாம் நடனம் தெரியாதவர் செய்ய முடியாத வேலைகள். நடன அசைவுகளைத் தாளில் எழுதிவைக்க ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட குறியீட்டு முறையும், 1950களில் வந்த பெனெஷ் முறையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர், அமைத்தவர் உயிரோடு இல்லாத நடனத்தையும் புதிய குழுவுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009இல் இறந்தார், அவர் குழு 2011இன் கடைசி நாளோடு கலைந்தது. அதற்காக அவர் நடனங்கள் மறைந்துவிடவில்லை. வீடியோ, ஒளியமைப்பு, உடை, ஒலி, ஒத்திகைக் குறிப்பு என ஒவ்வொரு நடனத்துக்கும் உட்கார்ந்து தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதை யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்தார்கள்! விளையாட்டு மென்பொருளுக்கும் அனிமேஷனுக்கும் மோஷன் கேப்சர் உடையில் (உடல் அசைவைக் கணினியில் பதிவுசெய்யும் உடை) அசைந்து காட்டுவதும் இந்த வரிசையில்தான் வரும்.

இவற்றை முழங்கால் போன பிறகு தேடுவதைவிட, கடைசி வருடத்தில் ஒரு விருப்பப் பாடமாக எடுத்துவிடுவது எளிது. அப்போது ஸ்டூடியோவும் ஆசிரியரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

நடனம் யாருக்குச் சொந்தம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஒரு பயிற்சி நிறுவனத்தில் நடன ஆசிரியராகச் சேர்ந்தாள். வேலைக் கடிதத்தில் ‘கற்பித்தலும் நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளும்’ என்று ஒரு வரி. இரண்டாம் பக்கத்தில், பணிக்காலத்தில் உருவாகும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இன்னொரு வரி. இரண்டாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? வகுப்பு முடிந்து மாணவர்களை நிறுத்திவைத்து, இருபது நிமிடக் குழு நடனம் ஒன்றை அமைத்தாள். நல்ல நடனம். அவள் வேலையை விட்ட பிறகும் நிறுவனம் அதை மேடை ஏற்றிக்கொண்டிருந்தது. அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை. தன் பக்கத்தில் ஒரு துண்டு வீடியோ போட்டாள், அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். போன் பண்ணிக் கேட்டதற்கு, “அதான் மாசா மாசம் சம்பளம் கொடுத்தோமே” என்று பதில். முழு நடனத்தின் ஒரே பதிவும் அவர்கள் கேமராவில்தான் இருந்தது.

பெரிய ஆட்களுக்கு இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நவீன நடனத்தின் பெரிய ஆளான மார்த்தா கிரகாம் 1991இல் இறந்தபோது தன் சொத்தை ஒருவருக்கு உயில் எழுதி வைத்திருந்தார். நடனங்களும் அதில் சேர்ந்தவை என்று அந்த வாரிசு உரிமை கோர, கிரகாம் பெயரில் இயங்கிய மையத்துடன் வழக்கானது. 2004இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதைக் கவனியுங்கள். 1966 முதல் கிரகாம் அந்த மையத்தின் ஊழியர், நடனம் அமைப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. ஆகவே அந்தக் காலத்து நடனங்கள் மையத்துக்குச் சொந்தம். 1956 முதல் 1965 வரை அமைத்தவற்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது அவர் பகுதிநேர ஆசிரியராகத்தான் வேலையில் இருந்தார், நடனம் அமைப்பது அந்த வேலைக்குள் வராது என்றார்கள். மையத்தைத் தொடங்கியவரே அவர்தான். அவருக்கே இந்தக் கதி.

ஆக, ‘ஆசிரியர்’ என்று சேர்கிறோமா, ‘ஆசிரியர் மற்றும் நடன அமைப்பாளர்’ என்று சேர்கிறோமா என்பதைப் பதவிப் பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. கையெழுத்துக்கு முன்னால் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டியவை: நான் அமைக்கும் நடனத்தின் உரிமை யாருக்கு, நான் போன பிறகு எத்தனை காலம் நீங்கள் ஆடலாம், அப்போது என் பெயர் போடுவீர்களா, என் ஷோரீலில் (வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பு வீடியோவில்) நான் பயன்படுத்தலாமா. உரிமை அவர்களுக்கே போனாலும் பெயரையும் ஷோரீலையும் விடாதீர்கள். நான் பார்த்தவரை, கேட்டால் பாதிப் பேர் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரி பழைய கடிதத்திலிருந்து நகலெடுத்ததாக இருக்கும், அவர்களே படித்திருக்க மாட்டார்கள். போன மாதம் ஒரு பையன் அதே வாசகத்தோடு கடிதம் அனுப்பினான். கேளேன்டா என்றால், “முதல் வேலை, கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டா?” என்கிறான். கேட்கவே இல்லை, சேர்ந்துவிட்டான்.

இன்னொன்று, பதிவு. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா மூன்றிலும் நடன அமைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் எழுத்திலோ வீடியோவிலோ வேறு ஏதாவது வடிவத்திலோ அது பதிவாகியிருக்க வேண்டும். உடம்பில் மட்டும் இருக்கும் நடனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தனித்தனி அடவுக்கோ இரண்டு மூன்று அசைவுகளுக்கோ உரிமை கிடைக்காது, முழு அமைப்புக்குத்தான். ஒத்திகை முடிந்ததும் போனை ஸ்டாண்டில் வைத்து, எல்லோரும் தெரிகிற மாதிரி நேர் எதிரே நின்று, வெட்டாமல் ஒரு தடவை எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். பாட்டின் உரிமை இதில் வராது, அது தனிச் சமாச்சாரம்.

‘பேர் கிடைக்கும்’ என்று சும்மா ஆடுவது

பேர் கிடைக்காது.

நடனச் சிகிச்சையைப் பட்டத்தோடு தொடங்குவது

வருத்தத்தில் இருப்பவரை ஆடவைப்பது வேறு, சிகிச்சை வேறு. அமெரிக்காவில் இதற்கென்று 1966இலேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள்; அங்கே பதிவு பெற முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் செய்யும் மருத்துவப் பயிற்சியும் வேண்டும். மூன்று நாள் பட்டறைச் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘தெரபிஸ்ட்’ என்று அட்டை அடிக்கிறார்கள். எதிரே இருப்பவர் உடைந்து அழுதால் என்ன செய்வார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஷோரீல்

குழு நடனத்தில் மூன்றாவது வரிசையில் நீங்கள் நின்ற காட்சியை முதலில் வைக்காதீர்கள். பார்ப்பவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது.

வகுப்பு முழுக்க ஆடிக் காட்டுவது

ஃப்ரீலான்ஸாக நாலு இடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் முழு வேகத்தில் ஆடிக் காட்டுகிறார்கள். அதிலும் எப்போதும் வலது பக்கமே, மாணவருக்குச் சுலபம் என்று. இடுப்பும் கணுக்காலும் ஒரு பக்கமாகத் தேய்ந்த பிறகு பிசியோவிடம் போகிறார்கள். அடிபட்டால் அன்றைய வருமானம் போச்சு, ஃப்ரீலான்ஸில் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. ஒரு தடவை முழுசாக ஆடிக் காட்டிவிட்டு, அப்புறம் வாயால் சொல்லியும் ஒரு மாணவரை முன்னால் நிறுத்தியும் நடத்தப் பழகுங்கள்.

வேலை கிடைக்காததால் மேற்படிப்பு

பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்றால் போங்கள், ஆனால் எந்த நாட்டில் என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டு போங்கள். அமெரிக்காவில் நடனத்துக்கு எம்.எஃப்.ஏ. என்னும் நுண்கலை முதுகலைப் பட்டத்தையே உச்சப் பட்டமாக ஏற்கிறார்கள், வேறு பல இடங்களில் முனைவர் பட்டம் கேட்பார்கள். இதை விசாரிக்காமல் சேர்ந்துவிட்டு, முடித்த பிறகு வந்து என்னிடம் கேட்கிறார்கள்.